எறும்புச் சிங்கமாம்! (11 கிலோ பழைய இதழ்கள், மூன்று கோடை விடுமுறை)

சித்தி மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு போன வாரம் கேட்டான்: "அக்கா, நீ எடைக்கு வாங்கினியே ஒரு சயின்ஸ் புக் கட்டு, அது மாதிரி நானும் வாங்கவா? லீவுக்கு உருப்படியா இருக்குமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்கத் தொடங்கினேன். நாலாவது வரியிலேயே கோபம் வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்து முழுதாகவே எழுதுகிறேன்.

கட்டின் கதை சின்னது. மதுரையில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. தமிழில் வந்த ஓர் அறிவியல் மாத இதழ். பெயர் வேண்டாம், நான் திட்டப்போகிறேன். 11 கிலோ, கிலோ 30 ரூபாய். வீட்டில் எண்ணிப் பார்த்தால் 130-க்குக் கொஞ்சம் மேல். பின்கள் துருப்பிடித்திருந்தன, சில அட்டைகளை ராமபாணம் அரித்திருந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், பழைய காகிதம் அப்படித்தான். "அடுத்த இதழில் தொடரும்" என்று முடியும் கட்டுரைக்கு அடுத்த இதழ் கட்டில் இல்லாதபோது வந்த எரிச்சலைக்கூட மன்னித்துவிட்டேன்.

முதல் விடுமுறையில் நாற்பது இதழ்களை வெறிகொண்டு படித்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நினைவில் இருந்தது மூன்றோ நாலோ விஷயம்தான். கேள்வி கேட்க ஆளில்லாமல் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. இது என் குறை, இதழின் குறை இல்லை.

இதழின் குறை பெயர்கள்.

அந்த நாற்பதில் ஒன்றில் "எறும்புச் சிங்கம்" என்று ஒரு கட்டுரை. மணலில் புனல் வடிவத்தில் குழி தோண்டி, அடியில் புதைந்து காத்திருக்கும் ஒரு பூச்சியின் புழு. விளிம்பில் கால் வைத்த எறும்பு சரிந்து விழும். ஏறித் தப்பிக்கப் பார்த்தால் கீழேயிருந்து தலையால் மண்ணை வாரி எறியும். நல்ல கட்டுரை, சுவாரசியமாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எங்கேயோ இருக்கும் ஜந்து என்று. பெயரில் சிங்கம் இருந்தால் வேறு எங்கே நினைக்கத் தோன்றும்?

அடுத்த வருடம் 11ஆம் வகுப்பு இயற்பியலில், உராய்வு வருகிற இடத்தில், அதே குழி. சறுக்குக் கோணத்துக்கு உதாரணம். மணல் எந்தச் சரிவு வரை தானாகச் சரியாமல் நிற்குமோ, அந்தக் கோணத்தில் குழியின் சுவர் இருக்கிறது. அதனால்தான் ஓர் எறும்பின் எடைக்கே மண் வழுக்குகிறது. நான் ஆங்கில மீடியம் என்பதால் புத்தகத்தில் 'ஆன்ட்லயன்' என்று இருந்தது. ஓ, நம்ம எறும்புச் சிங்கம் என்று ஒரு பெருமை. கோடு போட்டுப் படித்தேன். பரீட்சையில் எழுதினேன்.

அந்தக் கோடையில் தக்கலைப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போனோம். ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் மழை படாத ஓரம் ஒன்று உண்டு, மாவு மாதிரி மண். அங்கே வரிசையாகக் குழிகள். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து ஆச்சி சொன்னாள், "என்னத்த அப்படிப் பாக்க? குழியானைல்லா மக்ளே."

குழியானை! ஐந்து வயதில் ஈர்க்குச்சியால் கிளறி, உள்ளங்கையில் விட்டு, பின்னால் பின்னால் நடப்பதைப் பார்த்துச் சிரித்த அதே குழியானை. அப்பா ஊரில் குழிநரி என்பார்கள். எறும்பு பிடித்துப் போட்டு விளையாடியிருக்கிறேன். இரண்டு வருடமாக அதைப் பற்றிப் படித்து, பரீட்சையும் எழுதி, அது இதுதான் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரை எழுதியவருக்கு ஒரு வரி போதும்: "குழியானை, குழிநரி என்றெல்லாம் நம் ஊர்களில் சொல்வார்கள்." அந்த ஒரு வரிக்கு இடமில்லை. அரைப் பக்கத்துக்கு டூத்பேஸ்ட் விளம்பரம் போட இடம் இருந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறும், எதைப் போடுவது என்று ஆசிரியர் குழம்பியிருப்பார். குழியானை என்று மட்டும் தலைப்பு வைத்தால் வேறு ஊர்க்காரர் யானையைத் தேடியிருப்பார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவியல் பெயரையாவது தேடும்படி கொடுத்திருக்கலாம். 'மிர்மிலியோன்டிடே' என்று தமிழில் மட்டும் அச்சடித்திருந்தார்கள். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நாலு விதமாக அடித்துப் பார்த்துத்தான் படம் கிடைத்தது.

இதே கதை ஆலிவ் ரிட்லி என்ற கடல் ஆமைக்கும். மூன்று பக்கக் கட்டுரை. முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் என்றெல்லாம் அழகாக விளக்கியிருந்தார்கள். பங்குனி ஆமை என்ற பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. தை பிறந்து பங்குனி வரை நம் கரைக்கு முட்டையிட வருகிற ஆமை அது. எப்போது பார்க்கப் போகலாம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது, அதையே எடுத்துவிட்டார்கள்.

கோபம் போதும். குழியானைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த 330 ரூபாயில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் மண்ணைச் சலித்துப் போட்டு, ஒரு குழியானையை விட்டேன். விட்டதும் பின்புறமாக மண்ணுக்குள் போய்விட்டது. காலையில் குழி தயார். ஸ்கேல் வைத்து அளந்தேன், வாய் 4 செ.மீ. தினம் இரண்டு எறும்பு. பிடித்த எறும்பை மென்று தின்னாது, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டைக் குழிக்கு வெளியே சுண்டிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கொடுக்கு மாதிரி இரண்டு தாடைகள் மட்டும் மண்ணுக்கு மேல் தெரியும். விரித்தபடி, அசையாமல்.

கட்டுரையில் நான் நம்பாத ஒன்று இருந்தது. இந்தப் புழுவுக்குக் குடல் பின்னால் அடைபட்டிருக்கிறது, புழுவாக இருக்கும் காலம் முழுக்க மலம் கழிக்காது, இறக்கை முளைத்து வெளியே வந்த பிறகுதான் மொத்தமும் வெளியேறும் என்று. மே மாதத்தில் வாரம் ஒரு முறை டப்பா மண்ணைச் சலித்துப் பார்த்தேன். சாறு போன எறும்புகளின் வெறும் கூடுகள் இருந்தன, வேறொன்றும் இல்லை. ஆச்சிக்குச் சொன்னேன். "கொடுத்து வச்ச ஜென்மம்" என்றாள். அவளுக்கு மலச்சிக்கல்.

மே கடைசியில் குழி மறைந்தது. செத்துவிட்டது என்று நினைத்துச் சலித்தால் பட்டாணி அளவில் ஓர் உருண்டை, பட்டு இழையால் மணலைக் கோத்துச் செய்தது. ஓர் இடத்தில்கூடக் கோணல் இல்லை. அதை அப்படியே மண்ணில் வைத்து, டப்பாவை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். பள்ளி திறந்துவிட்டதே. ஜூன் கடைசியில் போன் வந்தது: "தும்பி கணக்கா ஒண்ணு இருந்துச்சு மக்ளே, மீசை முனை தடிச்சிருந்துச்சு. ராத்திரி பறந்து போச்சு." நான் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. விடுமுறைப் படிப்பின் பெரிய கோளாறு இதுதான், பூச்சிகளுக்குப் பள்ளிக்கூட நாட்காட்டி தெரியாது.

மார்க் வருமா என்று சித்தி கேட்பாள். வராது. சறுக்குக் கோணத்துக்கு இரண்டு மார்க் வந்திருக்கும். நான் இப்போது படிப்பது பி.காம்.

ஆக, தம்பி, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். காசு கொடுத்து இன்னொரு கட்டு வாங்காதே. என்னுடையதை சித்தி அடுத்த வாரம் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன், ஆனால் ஜூன் முதல் வாரம் திரும்பி வந்துவிட வேண்டும், 130-ம். ஓரங்களில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கிறேன், அழிக்காதே. எழுதாமல் விட்ட இடங்களும் நிறைய இருக்கின்றன. சாணி உருட்டும் வண்டுக் கட்டுரைக்கு மட்டும் உங்கள் தாத்தாவிடம் கேட்டு எழுதி வை, எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.