புதுநன்மைப் பரிசு: நல்லாயனா, சிப்பிக் கெபியா, ஓலைப்பெட்டியா?

தங்கச்சிமடத்தில் அக்கா மகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முறை நற்கருணை அப்பம் வாங்கும் நாள். மூன்று பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, கோவா போனபோது ஓர் அருங்காட்சியகக் கடையில் வாங்கிய நல்லாயன் சுரூபம், அதாவது ஆடு மேய்க்கும் இயேசுவின் சிலை, 1,400 ரூபாய். போர்ச்சுக்கீசியர் காலத்தில் யானைத் தந்தத்தில் செதுக்கிய உருவத்தின் ரெசின் நகல். குன்றின் உச்சியில் குழந்தை இயேசு, கன்னத்தில் கை, மூடிய கண். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, மடியில் ஒன்று. கீழே ஊற்றில் ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அடியில் இயேசுவின் சீடத்தி மகதலா மரியாள் சாய்ந்து படுத்திருக்கிறாள். தியானத்தில் இருக்கும் புத்தரின் முகம்தான் குழந்தைக்கு. செதுக்கிய கை நம் நாட்டுக் கை என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் ரெசினில் இமையும் உதடும் மழுங்கிப்போயின. தந்த வியாபாரத்துக்குத் தடை இருப்பதால் நமக்கு நகல்தான், அதில் வருத்தமில்லை. பிள்ளை தொடக்கூட விடாமல் அக்கா இதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிடுவாள், அதுதான் சங்கடம்.

ராமேஸ்வரத்துச் சிப்பிக் கெபி 250 ரூபாய். சோழி ஒட்டிய குகை, நடுவில் மாதா. வீட்டில் திருப்பிப் பார்த்தால், அடியில் பவளப்பாறைத் துண்டு! மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; பவளப்பாறை விற்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் கேட்டால், “அது சும்மா கல்லுண்ணே” என்கிறார். அதற்குள் இரண்டு சோழி வேறு கழன்றுவிட்டது. சரி, இது கழிந்தது.

ஓலைப்பெட்டி 80 ரூபாய். ஊதாவும் பச்சையும் கலந்து முடைந்த பனங்குருத்தோலை. மூடியைத் திறந்தால் காய்ந்த ஓலை மணம். செபமாலையைச் சுருட்டி வைக்க அளவெடுத்தது போல இருக்கிறது. உள்ளே ஓரியூர்ச் செம்மண் ஒரு பொட்டலம் போட்டேன். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரை வெட்டிய இடத்து மண். அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது நம்பிக்கை. அவரும் போர்ச்சுக்கீசியர்தான், காவி கட்டி மரக்கறி உண்டு இந்தச் சீமையில் நடந்தவர். அந்த வகையில் கோவா நல்லாயனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

ஓலைக்கும் குறை உண்டு. ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், அவ்வப்போது வெயில் காட்ட வேண்டும். பரவாயில்லை, பிள்ளை தினமும் கையில் எடுப்பாள். என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், “தாய்மாமன் சீர் எண்பது ரூபாய்ப் பெட்டியாடா?” என்று அக்கா கேட்பாள். அதனால் உள்ளே ஒரு வெள்ளிச் செபமாலையும் வைத்துவிட்டேன்.