பெட்டி, நாற்காலி, சபை, தெரு: மாணவர் சொல் எங்கே எடுபடுகிறது?

பொறியியல் படித்த நாட்களில் எங்களுக்கு ‘வகுப்புக் குழுக் கூட்டம்’ என்று ஒன்று உண்டு. விதிப்படி மாணவர் பிரதிநிதிகள் அதில் உட்கார வேண்டும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் போனோம். டீயும் மேரி பிஸ்கட்டும் வந்தன. ஒரு பாடத்தில் இரண்டு யூனிட்டை இன்னும் தொடவே இல்லை என்று நான் சொன்னேன். தலைவர் தலையாட்டினார். கடைசியில் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது. ‘பாடங்கள் திட்டப்படி நடைபெறுகின்றன. மாணவர்கள் திருப்தி தெரிவித்தனர்’ என்று அதில் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. தேதி மட்டும் பேனாவில். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா?

‘மாணவர்களையும் கலந்தாலோசித்தோம்’ என்ற வரியை எந்த அறிக்கையில் பார்த்தாலும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகத்துக்கு வரும். படிக்கிறவர்களின் பேச்சு கல்வி முடிவுகளுக்குள் நுழைய நம் பக்கத்தில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எது உசத்தி என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: சொன்னதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டுமா, வேண்டாமா?

முதலில் பெட்டி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்றே ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் போடாமல் எழுதிப் போடலாம். பாலியல் தொல்லை மாதிரியான விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைக்கு அது பெரிய துணை. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது புகாருக்கான பெட்டி. கொள்கைக்கும் இதே பெட்டி முறையைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். 2019-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவு ஆங்கிலத்தில் 484 பக்கம். கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்ததாக அரசே சொன்னது. அதில் பள்ளி மாணவர் எழுதியவை எத்தனை, எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எழுதியவருக்கு ஒரு வரி போகாது. பெட்டியின் இயல்பு அப்படி. போடுவதற்கு வாய் இருக்கும், திரும்பி வர வழி இருக்காது.

காது கொடுத்துக் கேட்கிறவர் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021-ல் அமைந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,342 கருத்துகள் வந்தன. குழு அவற்றை எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது, செப்டம்பரில் சட்டமன்றம் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கருத்துக் கேட்டது சென்னை, முடிவு எடுத்தது டெல்லி.

கேரளம் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தது. பாடத்திட்டச் சீர்திருத்தத்தைப் பற்றி 2022 நவம்பரில் வகுப்பறைகளிலேயே மாணவர்களைப் பேச வைத்தார்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஒதுங்கிக்கொள்வதை விட இது பல மடங்கு மேல்: வீட்டில் கணினி இல்லாத பிள்ளையும் பேசியது. ஆனாலும் திரட்டுவதும் தொகுப்பதும் எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பதும் பெரியவர்கள்தான். கொஞ்சம் பெரிய பெட்டி, அவ்வளவுதான்.

அடுத்தது நாற்காலி. முடிவெடுக்கும் மேசையிலேயே மாணவருக்கு ஓர் இடம். சொல்லும்போதே நன்றாக இருக்கிறது இல்லையா? சட்டத்தைப் புரட்டினால் வேடிக்கை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மீதிக் கால் பங்கை மத்திய அரசின் மாதிரி விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன: உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர், மூன்றாவதாக ‘உள்ளூர்க் கல்வியாளர் / பள்ளிக் குழந்தைகள்’. இந்த மூன்றாவது இடத்துக்கு யார் என்று பெற்றோர் முடிவு செய்வார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழு என்றால் அது ஒரே ஒரு இடம். அதற்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோடு எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டி போட வேண்டும். எந்த ஊரில் யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாய்கோட்டில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். நம் மாநிலத்தில் 2024-ல் குழுக்களைப் புதுப்பித்தபோது முன்னாள் மாணவர்களுக்கு இடம் தந்தார்கள். நல்லதுதான். ஆனால் இன்றைக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பது முன்னாள் மாணவருக்கு எப்படித் தெரியும்?

நாற்காலி போட்டாலும் அதில் உட்காருகிறவரை யார் பொறுக்குவது என்ற அடுத்த சண்டை இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் என்ற ஆட்சிமன்றத்துக்கு வேந்தரான ஆளுநர் நான்கு மாணவர்களை நியமித்தார். 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. நம் பக்கம் அந்த வம்புக்கே வழியில்லை. மத்திய அரசு அமைத்த லிங்டோ குழு 2006-லேயே மாணவர் தேர்தலுக்கு வயது, வருகைப்பதிவு, செலவு வரம்பு வரை வகுத்துக் கொடுத்தும், தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் தேர்தல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்ற மாணவர் அணித் திட்டம் வந்தது. குறிஞ்சி, முல்லை என்று அணிகள், அணிக்குத் தலைவர்கள். பெயர்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. குறிஞ்சித் தலைவியின் பேச்சு அணியைத் தாண்டி எதுவரை போகும் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, சபை. எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கர்நாடகத்தில் ‘மக்கள கிராம சபை’ என்று நடக்கிறது. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். (பழந்தமிழிலும் அதே பொருள்தான்; நாம்தான் அந்தச் சொல்லைப் பெரியவர்களுக்கு எழுதி வைத்துவிட்டோம்.) இப்போதைய உடுப்பி மாவட்டத்தில், குந்தாபுரா பக்கம், 1990களில் பிள்ளைகளின் பஞ்சாயத்தாகத் தொடங்கிய முயற்சி. எல்லா ஊராட்சிகளும் ஆண்டுக்கு ஒரு முறை நடத்த வேண்டும் என்று 2006-ல் மாநில அரசு உத்தரவு போட்டது. இதில் பிள்ளைகள் ஒரு பக்கம், ஊராட்சித் தலைவரும் அதிகாரிகளும் எதிர்ப் பக்கம். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போக நடைபாலம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, பள்ளி விடும் நேரத்துக்கு வராத பஸ் என்று கேள்விகள் வரும். ஊர் முன்னால் கேட்ட கேள்விக்கு ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். போன வருடம் சொன்னது என்ன ஆயிற்று என்று அடுத்த வருடம் அதே பிள்ளை எழுந்து நிற்கும். டைப் அடித்து வைத்த தாளுக்கு அங்கே வேலை குறைவு. நம் கிராம சபையும் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆனால் அது வாக்காளர்களின் சபை. பதினாறு வயதுப் பெண் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

சபைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஊராட்சியின் கை எதுவரை நீளுமோ அதுவரைதான். பாடத்திட்டம், பொதுத்தேர்வு, மொழி எதுவும் அங்கே தீராது. சம்பிரதாயத்துக்கு நடத்தி போட்டோ எடுத்துக்கொண்டு முடித்துவிடும் ஊராட்சிகளும் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் தெரு. நேர்மையாகப் பேசினால், தமிழ்நாட்டின் கல்விக் கொள்கையை மற்ற மூன்றையும் விட அதிகம் மாற்றியது இதுதான். 1965 ஜனவரி 25-ல் மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்து நடந்த மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மோதல் மாநிலம் முழுக்கப் பரவியது. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலக முன்வந்தார்கள். பிப்ரவரி 11-ல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழி தர வேண்டிவந்தது. 1967-ல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1968 ஜனவரி 23-ல், தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இன்றுவரை நம் பிள்ளைகள் எத்தனை மொழி படிக்கிறார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பதில் சொல்ல வைத்தார்களா என்றால், வைத்தார்கள். ஆனால் அரசுக் கணக்கிலேயே செத்தவர்கள் எழுபது பேரை ஒட்டி வரும். தெருவுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட வைக்க அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் தெருவில் இறங்கவும் முடியாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெட்டியைப் புகாருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஊர் அளவில் சபை, கேள்விக்கு மறுகூட்டத்தில் பதில் சொல்லும் கட்டாயத்தோடு. மேலாண்மைக் குழுவில் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு, பிள்ளைகளே தேர்ந்தெடுத்த மூன்று பேருக்காவது நாற்காலி; தனியாக ஒரு பிள்ளையைப் பதினொரு பெரியவர்கள் நடுவே உட்கார வைத்தால் அது பிஸ்கட் தின்றுவிட்டு வந்துவிடும், என்னைப் போல. மாநில அளவில் பாடத்திட்டக் குழுவிலும் அப்படியே. இன்னொன்றும் கேட்பேன், செலவில்லாதது: கூட்டக் குறிப்பைக் கூட்டம் முடிந்த பிறகு டைப் அடியுங்கள்.