டிம்மர் சுற்றில் பழுது: டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா?

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் பழைய கார்களில் டேஷ்போர்டு விளக்கு மங்கினால், ஃபியூஸைப் பார்த்த கையோடு, அவ்விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சை மாற்றிவிடத் தோன்றும். உப்புக்காற்று அரித்த எர்த் இணைப்பே (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் வழி) காரணமாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் சோதிப்பதே நல்லது.

மின்சாரம் வந்தால் எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் விலை மலிவானது. அதன் இழை பல்பு மின்னோட்டத்தை இழுப்பதால், அரித்த முனையில் மங்கலாக எரிந்து குறையைக் காட்டிக்கொடுக்கும். வோல்ட்டை அளந்து காட்டும் மல்டிமீட்டரோ மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுப்பதால், பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், அதே முனையிலும் ஏறக்குறைய 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆனால் விளக்குகளை எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் டேஷ்போர்டு எர்த்துக்கும் இடையே அளக்கும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால், எர்த்தில்தான் பழுது என்பதை அது எண்ணாகவே சொல்லிவிடும். டெஸ்ட் லாம்பால் இது இயலாது. மின்தடையை மாற்றி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் டிம்மரின் சக்கரத்தை மெல்லத் திருப்பும்போது வோல்ட் சீராக ஏறி இறங்குகிறதா, நடுவில் அறுபடுகிறதா என்பதையும் மீட்டரே தெளிவாக்கும்.

புதிய கார்களில் டிம்மர் மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்புவதால் மீட்டர் பெரும்பாலும் சராசரியையே காட்டும். ஆயினும் இழை பல்பு கட்டுப்பாட்டு மாட்யூலையே கெடுத்துவிடலாம் என்பதால், அங்கே டெஸ்ட் லாம்பை நான் கையிலேயே எடுப்பதில்லை.