செவ்ர் என்று சொல்லி விற்ற நீல ஜாடி ஜோடி

பாரிஸின் வடக்கு எல்லையில் இருக்கும் சாந்த்-உவான் பழம்பொருள் சந்தையில் போன மாதம் ஒரு ஜோடி பீங்கான் ஜாடி வாங்கினேன். கருநீலம், நடுவில் தங்கக் கோட்டுக்குள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் காதலர்கள், பின்பக்கம் பூங்கொத்து. கழுத்து வளையம், அடிப்பீடம், கைப்பிடி, மூடி உச்சியில் இருக்கும் பைன் காய் எல்லாம் தங்க முலாம் பூசிய வெண்கலம். உயரம் 42 சென்டிமீட்டர். 1,400 யூரோ கேட்டார்கள், பேரம் பேசி 1,150க்கு எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவியம் கையால் வரைந்ததுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அச்சில் வருகிற புள்ளி வரிசை எங்கும் இல்லை, அந்தப் பெண்ணின் பாவாடை மடிப்பில் தூரிகையை எங்கே அழுத்தி எங்கே தூக்கியிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிகிறது. முகங்கள் சுமார்தான், ஒருத்திக்கு லேசாக மாறுகண். வெண்கலமும் வெண்கலமே. பீடத்துக்கு அடியில் முலாம் படாத ஓரத்தை ஊசியால் கீறினேன், மஞ்சளாக வந்தது. மலிவான துத்தநாகக் கலவையாக இருந்தால் சாம்பல் நிறம் வந்திருக்கும். சிலர் காந்தம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது இரண்டிலுமே ஒட்டாது, வீண் வேலை.

அப்புறம்தான் வம்பு. கடைக்காரர் மூடியின் உட்பக்கத்தைக் காட்டி "செவ்ர், 1760" என்றார். செவ்ர் என்பது பிரெஞ்சு அரசரின் பீங்கான் தொழிற்சாலை, அதன் முத்திரைதான் பின்னிக்கொண்ட இரண்டு எல் எழுத்து, நடுவில் எச். அந்த அரசத் தொழிற்சாலை 1753க்கு ஏ என்று தொடங்கி வருடத்துக்கு ஓர் எழுத்து போட்டது, அந்தக் கணக்குப்படி எச் என்றால் 1760தான். ஆனால் அந்தத் தேதியே காட்டிக்கொடுத்துவிட்டது. மூடியின் விளிம்பில் மேற்பூச்சு படாத இடம் சுத்த வெள்ளை, இறுகிப்போன மண், அதாவது கெயோலின் என்ற வெள்ளைக் களிமண் சேர்த்த கடினப் பீங்கான். பிரான்சில் லிமோஜுக்குப் பக்கத்தில் கெயோலின் கிடைத்ததே 1768 வாக்கில். அதற்கு முன்பு செவ்ரில் செய்ததெல்லாம் கெயோலின் இல்லாத மென்பீங்கான், அதில் வண்ணம் மேற்பூச்சுக்குள் ஊறிப்போன மாதிரி இருக்கும். என்னுடையதில் வண்ணம் மேலேயே நிற்பது விரலுக்கே தட்டுப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ், லிமோஜ் பட்டறைகள் பல இந்த முத்திரையைக் கூச்சமே இல்லாமல் போட்டன, இதுவும் அந்த வகைதான்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அது என் தப்பு. ரசீதை அப்போதே படித்திருந்தாலே போதும். வாயால் 1760 என்றவர் எழுதியது "ஸ்தில் செவ்ர்". பிரான்சில் 1981இல் வந்த அரசாணைப்படி, விற்பவர் "எப்போக்" (காலம்) என்று போட்டு நூற்றாண்டையும் எழுதினால் அந்தக் காலத்துப் பொருள் என்று அவர் உத்தரவாதம் தந்ததாக அர்த்தம். "ஸ்தில்" என்றால் அந்தப் பாணி, அவ்வளவுதான், காலத்துக்கு ஒரு பொறுப்பும் இல்லை. மனுஷன் விவரமானவர்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். இரண்டாவது ஜாடியின் கழுத்தில் அல்ட்ராவயலட் டார்ச் அடித்தால் வெண்கல வளையத்துக்குக் கீழே பால் கொட்டின மாதிரி ஒரு திட்டு ஒளிர்ந்தது. இந்த ஜாடிகளில் பீடத்திலிருந்து வயிறு வரை ஒரு கம்பி ஓடும், உள்ளே நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றினேன். உள்ளே தக்கை வளையம், தூசி, வளையம் மறைத்திருந்த இடத்தில் ஆறு சென்டிமீட்டர் மயிரிழை விரிசல், பசை போட்டு மேலே நீலம் தடவியது. பூட்டியிருக்கும்போது தட்டிப் பார்த்தால் நல்ல ஜாடியும் 'டொக்' என்றுதான் கேட்கும், கழற்றிய பிறகு ஒன்று கணீர் என்றது, மற்றது சளி பிடித்த மாதிரி. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "வயதுக்கு ஏற்ற தேய்மானம்" என்று பதில், வேண்டுமானால் வேறு பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், பணம் தர மாட்டாராம்.

விரிசல் இல்லாத அலங்காரப் பொருள் என்று பார்த்தால் 1,150 நியாயமே, விரிசலோடு 800க்கு மேல் தரக்கூடாது. அசலைப் பார்த்து கண் பழக வேண்டும் என்றால் மெட்ரோ 9இன் கடைசி நிறுத்தம் போன் து செவ்ர், பாலத்தைத் தாண்டினால் பீங்கான் அருங்காட்சியகம், வாங்குவதற்கு முன்னால் அங்கே ஒரு மதியம் செலவழியுங்கள். இன்னொன்று, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு வெண்கலத்தைத் தேய்த்துவிடாதீர்கள், முலாம் போய்விடும். காய்ந்த மெல்லிய துணி போதும்.

ஜாடிகள் இப்போது வரவேற்பறை அலமாரி மேல் இருக்கின்றன. ஒன்று பூங்கொத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, விரிசல் இருக்கிற முன்பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.