சாட்டா 5000 பி ஸ்பிறே கன்: பரந்தனில் ஆறு வருசம் பாவித்த பிறகு

"தம்பி, நல்ல பிஸ்டோல் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். உனக்கு 1.3 வேணுமோ, 1.4 வேணுமோ?"

2019 தை மாதம் ஜேர்மனியிலிருந்து அத்தான் எடுத்தபோது போன் ஸ்பீக்கரில் கிடந்தது. குசினிக்குள் நின்ற அம்மா அகப்பையோடு வெளியே வந்துவிட்டா. "ஆருக்கடா பிஸ்டோல்?" கடைசிச் சண்டையில் மாத்தளன்வரை போய் மீண்டு வந்தவவுக்கு அது வீட்டுக்குள் கேட்கக்கூடாத சொல். பெயின்ற் அடிக்கிற கன்னையும் ஜேர்மன்காரர் பிஸ்டோல் என்றுதான் சொல்வார்கள் என்று அவவை இருத்தி விளங்கப்படுத்திவிட்டுத்தான் அத்தானோடு கதையைத் தொடர்ந்தேன்.

எது வேணும் என்று அன்றைக்கே சொல்லிவிடவில்லை. ஒரு மாதம் யோசித்தேன். அறுநூறு யூரோவுக்கு மேல் போகிற சாமான். என்னிடம் இருந்ததோ எட்டாயிரம் ரூபாய்க் கன். அதாலும் வேலை நடந்தது. ஆனால் நிறத்துக்கு மேல் மினுக்கத்துக்கு அடிக்கிற கிளியர் அடித்து முடித்தால் பொனற் முழுக்கத் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். பிறகு 2000 ஆம் இலக்க ஈரத்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற மண்தாள்) போட்டுத் தேய்த்து, பொலிஷ் பண்ணி, ஒரு வானுக்கு இரண்டு நாள் மேலதிகமாகப் போகும். அந்த இரண்டு நாள் கூலியைக் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் துணிந்தேன்.

ஜேர்மன் கம்பனியான சாட்டாவின் கன்னைக் கடையில் வைத்திருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வரமுடியாது. உங்கள் வேலைக்கு ஏற்றபடி சொல்லித்தான் எடுக்கவேண்டும். பெயின்ற் வெளியே வருகிற நொசில் எத்தனை மில்லிமீற்றர், ஆர்பியா எச்விஎல்பியா, காற்றமுக்க மீற்றர் கைப்பிடியிலேயே வேண்டுமா என்று எல்லாம் கேட்பார்கள். இதில் பிழை விட்டால் காசு வீண். எச்விஎல்பி என்பது குறைந்த அமுக்கத்தில் நிறையக் காற்றோடு அடிக்கிற வகை, ஆர்பி அதைவிடக் கூடிய அமுக்கத்தில் குறைந்த காற்றோடு அடிக்கிற வகை. எச்விஎல்பி பெயின்ற்றை மிச்சம் பிடிக்கும், புகை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தக் கன் 2 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 430 லீற்றர் காற்றுக் கேட்கும். ஆர்பிக்கு 290 லீற்றர் போதும். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் நிற்பது பெரும்பாலும் 2 அல்லது 3 குதிரைவலுக் கொம்பிறசர். அதன் தகட்டில் எழுதியிருக்கிற லீற்றர் கணக்கு பிஸ்ரன் இழுக்கிற காற்று. வெளியே வருவது அதைவிட நன்றாகக் குறைவு. 2 குதிரைவலு வைத்துக்கொண்டு எச்விஎல்பி வாங்கினால் கதவின் பாதியில் காற்று இறங்கி, கிளியர் துளித்துளியாக விழத் தொடங்கும். நான் 1.3 ஆர்பி சொன்னேன். என் கொம்பிறசர் 3 குதிரைவலு. அதற்கும் ஒரு பக்கம் அடித்துவிட்டுக் கொஞ்சம் நின்றுதான் அடுத்த பக்கம் போகிறேன்.

கன் வந்து முதல் கிழமை எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பழைய கன்னைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகுதான் பிழை ஹோஸில் என்று கண்டுபிடித்தேன். 6 மில்லிமீற்றர்த் துவாரமுள்ள நீட்டு ஹோஸ் போட்டிருந்தேன். கொம்பிறசரில் 6 பார் காட்டும், விசையை அமத்தியபடி கன்னின் வாயில் பார்த்தால் ஒன்றரை கூட நிற்காது. ஹோஸை 9 மில்லிமீற்றருக்கு மாற்றி, தண்ணீர் பிரிக்கிற வடிகட்டி ஒன்றையும் போட்டேன். அடுத்த நாள் ஒரு மாசி பேர்கசன் ட்ராக்ரரின் பொனற் அடித்தேன். சிவப்புக்கு மேல் கிளியர் ஒரே விரிப்பாக விழுந்து, மேலே கிடந்த தகரக் கூரையின் வரி அதில் தெரிந்தது. அன்று ஈரத்தாளைத் தொடவே தேவைப்படவில்லை.

வன்னியில் இந்த வேலைக்கு இரண்டு எதிரி. சோளகம் (தென்மேல் காற்று) எழும்பினால் கிறவல் தூசி. வாடையில் ஈரம். சோளக மாதங்களில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, விடிய 5 மணிக்கே கிளியரை முடித்துவிடுவேன். மார்கழியில் கொம்பிறசர்த் தாங்கியின் அடித் திருகைத் திறந்தால் அரைப் போத்தல் தண்ணீர் வடியும். வடிக்காமல் அடித்தால் எந்த விலைக் கன்னும் மீன்கண் போலக் குழி குழியாகத்தான் விடும்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வேலை குவிந்தது. புது வான் வராததால் விசுவமடு, தருமபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் பழைய ஹயஸைப் புதுசாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். காலபோக அறுவடை முடிந்தால் ட்ராக்ரர்கள் வரிசையில் நிற்கும். ஒரு ஹயஸுக்கு முன்பு 4 லீற்றர் கிளியர் கரைப்பேன், இப்போது 3 லீற்றரில் முடிகிறது. 2022 இல் ரூபாய் விழுந்து ரின்னரும் கிளியரை இறுக வைக்கிற ஹார்ட்னரும் நெருப்பு விலை விற்றபோது அந்த ஒரு லீற்றர்தான் என்னைத் தாங்கியது. அந்த வருசம் 13 மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில் கன் பெட்டிக்குள் கிடந்தது, அதற்கு ஒன்றும் செய்யமுடியவில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஒழுங்கு வேண்டும். முழுக் கன்னையும் ரின்னருக்குள் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கிற சீல்கள் கெட்டுவிடும். கழற்றும்போது முதலில் ஊசி, பிறகு நொசில். பூட்டும்போது நொசில் முதல். கன்னின் முன்வாயில் இருக்கிற காற்றுமூடியின் துவாரத்தைக் கம்பியால் குத்தவே கூடாது. பிறைமர் என்கிற அடிப்பூச்சுக்கு நான் இதை எடுப்பதில்லை. அதற்குப் பழைய எட்டாயிரம் ரூபாய்க் கன் போதும், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

வாங்கலாமா என்று கேட்கிற பெடியளிடம் நான் முதலில் கேட்பது முகமூடி இருக்கிறதா என்று. 2கே (இரண்டு சாமான் கலந்து அடிக்கிற) கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. அது நெஞ்சில் ஏறினால் ஆஸ்துமா பிடிக்கும், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். கோவிட் காலத்து மாஸ்க் அதை மறிக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்றுத் தருகிற முகமூடிதான் சரியானது. என்னோடு தொழில் பழகிய ஒருவர் சாரத்தை மூக்கில் கட்டிக்கொண்டு பதினைந்து வருசம் அடித்தார். இப்போது ஆஸ்துமா பம்ப் இல்லாமல் படியேற முடியாது. ஆகவே முதலில் முகமூடி, அடுத்தது கொம்பிறசரும் ஹோஸும் வடிகட்டியும். இவ்வளவும் இருந்து, மாதம் மூன்று நான்கு முழு வாகனமாவது கிளியர் அடிக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் தாங்கியும் மட்காட்டும் மட்டும் அடிக்கிறவருக்கு இது தேவையில்லை.

ஆறு வருசத்தில், கன்னிலிருந்து விசிறியாக விரிகிற பெயின்ற் ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. தேய்மானம்தான். நொசில், ஊசி, காற்றுமூடி மூன்றையும் செற்றாகத்தான் மாற்றவேண்டும். பெட்டியில் எழுதியிருக்கிற 5000 பி, ஆர்பி, 1.3 என்பதைப் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆடித் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவார்.