லேசர் வெல்டிங் உணரி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திருச்சி பெல் தொழிற்சாலையைச் சார்ந்து துவாக்குடிப் பக்கம் வளர்ந்த பட்டறைகளுள் ஒன்றில் தர மேற்பார்வை என் பொறுப்பு. சிறு தண்டவாளத்தின் மேல் நகரும் வண்டியில் பொருத்திய எங்கள் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங் டார்ச்சில், ஆறு மாதங்களுக்கு முன் லேசர் உணரியையும் சிறு கேமராவையும் பொருத்தினோம்.

டார்ச்சுக்கு 40 மில்லிமீட்டர் முன்னால், தகடுகள் சேரும் ஜாயின்ட்டின் குறுக்கே உணரி ஒரு சிவப்புக் கோட்டை வீசுகிறது. தட்டையான தகட்டில் நேராக விழும் அக்கோடு வி வடிவப் பள்ளத்தில் உடைந்து வளைவதால், சாய்கோணத்திலிருந்து பார்க்கும் கேமரா அந்த வளைவைக்கொண்டே பள்ளத்தின் நடுவையும் அகலத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டுவிடுகிறது. லேசரின் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இருப்பதால் வெல்டிங் மின்பொறியான ஆர்க்கின் கண்கூசும் வெளிச்சம் இதற்குப் பெரிய தடையாவதில்லை. நீளமான தகடு சூட்டில் கோணி விலகும்போதும் டார்ச் தானே நகர்ந்து நடுவைப் பிடிப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. முன்பெல்லாம் ஆபரேட்டர் கழுத்தை வளைத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டியிருந்தது.

எங்களை மிகவும் அலைக்கழித்தது முன்கண்ணாடிதான். தெறிக்கும் பொறியும் புகையும் அதில் படிந்தால் கோடு மங்கி டார்ச் தடுமாறும் என்பதால், கண்ணாடியைக் காக்கக் காற்று ஊதும் வசதி தந்திருக்கிறார்கள். அழுக்குக்கு அஞ்சி நாங்கள் காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்க, அது உருகிய உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் காப்பு வாயுவைக் கலைத்துவிட்டது. அன்று போட்ட வெல்டில் வரிசையாகத் துளைகள் விழுந்தன. காற்றைக் குறைத்து, உணரிக்கும் டார்ச்சுக்கும் நடுவே மறைப்புத் தகடு வைத்த பிறகே சரியாயிற்று. பொருத்த வந்த பொறியாளர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கிரைண்டிங் செய்த பளபளப்பான ஓரங்களில் பொய்க்கோடுகள் தோன்றுவதும் உண்டு. சூடு ஆறுவதற்குள் அடுத்த பாஸ் (வெல்டின் அடுத்த அடுக்கு) போடுவோர் நீல லேசர் உள்ள வகையைக் கேட்டுப் பார்க்கலாம். சிவக்கக் காய்ந்த உலோகம் நீல நிறத்தில் மிகக் குறைவாகவே ஒளிரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த உணரி மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. உள்ளே உலோகம் சரியாக உருகிச் சேராத இடத்தை இது காட்டாது. அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே சோதனைகளை ஒன்றுகூடக் குறைக்க நான் ஒப்பவில்லை.

நீண்ட நேர் ஜாயின்ட்டுகள் போடும் பட்டறைக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிறு துண்டுகளே அதிகம் என்றால் வேண்டாம்: உணரி முன்னால் போவதால் கடைசி 40 மில்லிமீட்டரில் கோடு தகட்டைத் தாண்டிவிடும், ஒவ்வொரு துண்டின் முனையிலும் தனித்தகடு ஒட்டி வெட்டவேண்டி வரும்.