வயலோரத்தைக் காடைக்கு விடும் சிபி-33: எது சரி, எங்கே சறுக்கும்

அமெரிக்காவில் சோயாவும் மக்காச்சோளமும் போடும் வயல்களில், மரங்களை ஒட்டிய முதல் சில வரிசைகள் பெரும்பாலும் உரக்காசுக்கே கட்டாது. நிழல் ஒரு பக்கம் அடிக்கும், ஈரத்தை மரவேர் இழுத்துக்கொள்ளும். அந்த ஓரத்தை அரசுக்கு வாடகைக்கு விட்டு, பாப்ஒயிட் காடை அடையும் புல்வெளியாக்குவதுதான் சிபி-33. 1985இல் வந்த சிஆர்பி நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் 2004இல் சேர்ந்த பிரிவு. ஓரங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முழு வயலையும் ஒப்படைக்க நினைப்பவர்களுக்கு சிஆர்பியிலேயே வேறு பிரிவுகள் உண்டு.

ஓரத்தில் விடும் இந்தப் புல்வெளிப் பட்டையின் அகலம் 30 முதல் 120 அடி. ஒப்பந்தம் குறைந்தது 10 ஆண்டு. வாடகை ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குப் பிறகு வரும், விதைப்புச் செலவில் பாதி வரை திரும்பக் கிடைக்கும். இடையில் முறித்தால் வாங்கியதை வட்டியோடு கட்டி, தண்டமும் அழ வேண்டும். டிராக்டர் திருப்பும் இடமாகவோ வண்டிப்பாதையாகவோ அந்தப் பட்டையைப் பயன்படுத்துவதும் விதிமீறல்தான். பலர் மாட்டுவது இதில்தான்.

பணம் ஒழுங்காக வருகிறது. பறவை வருவதும் வராததும் விதைப்பைப் பொறுத்தது. ஓரத்தில் ஃபெஸ்கியூவோ பெர்முடா புல்லோ இருந்தால் முதலில் அதைக் கொல்லுங்கள். இவை தரையோடு பாய் விரித்ததுபோல் படர்வதால், கட்டைவிரல் அளவுக் குஞ்சு அதற்குள் நுழைய முடியாது. ஃபெஸ்கியூ இலையுதிர் காலத்தில் தழைத்து நிற்கும்போது கிளைஃபோசேட் களைக்கொல்லி அடித்தால் வேர்வரை போகும். சோயா அறுத்த தாள்வயல் விதைப்புக்கு மிக வசதி. மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் என்ற களைக்கொல்லி மண்ணில் மிச்சம் இருந்தால், புல்லோடு விதைக்கும் பூச்செடி விதைகள் முளைக்காமல் போகலாம்.

லிட்டில் புளூஸ்டெம் போன்ற புல்லின் விதை பஞ்சுபோல் இருக்கும். சாதாரண விதைக்கருவியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் இத்தகைய விதைக்கென்றே தனியாக நாட்டுப்புல் பெட்டி வைத்த கருவிதான் வேண்டும். ஆழம் கால் அங்குலம் தாண்டக் கூடாது. மூட்டை எடையை நம்பாதீர்கள்: தூய்மை 80 சதவீதம், முளைப்பு 70 சதவீதம் என்றால் உயிருள்ள விதை 56 சதவீதம்தான். 5 பவுண்டு தேவையென்றால் கிட்டத்தட்ட 9 பவுண்டு கொட்ட வேண்டும். அதற்காகப் புல்லை அடர்த்தியாகப் போட்டுவிடாதீர்கள். குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் பூச்சியைத்தான் தின்னும். பூச்சிகளை இழுப்பவை பார்ட்ரிட்ஜ் பட்டாணி மாதிரியான அகன்ற இலைச் செடிகளே.

முதல் ஆண்டு களையாகத்தான் தெரியும். புல் அப்போது வேர்தான் விடும். மீண்டும் உழுது விதைத்துக் கெடுக்காமல், களை புல்லை மூடும்போது 8 அங்குல உயரத்தில் வெட்டிவிட்டால் போதும்.

ஒப்பந்தக் காலத்தின் நடுவில் செய்ய வேண்டிய பராமரிப்பைப் பலர் கடமைக்கு முடித்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கை ஆண்டுக்கொரு முறை சட்டிக் கலப்பையால் 2 முதல் 4 அங்குலம் லேசாகக் கிளறிவிடலாம், அல்லது அனுமதி பெற்று எரிக்கலாம். கூடு கட்டும் பருவத்தில் இரண்டுக்கும் தடை. குளிர்காலத்தில் கிளறினால் ராக்வீட் என்ற களைச்செடி வரும், காடைக்கு அதன் விதை விருந்து. வசந்தம் முற்றிய பிறகு கிளறினால் ஜான்சன் புல்லும் கிராப் புல்லும்தான் வரும்.

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த பல மாநிலக் கணக்கெடுப்பில், பட்டை விட்ட வயல்களைச் சுற்றிக் காடை அதிகம் என்றே தெரிந்தது. பக்கத்து வயலுக்குக் களைக்கொல்லி அடிக்கும்போது, பட்டையை ஒட்டி வரும் தெளிப்பானின் கடைசி முனைகளை மூடிவையுங்கள். காற்றில் வரும் சாரலே பூச்செடியைக் கருக்கிவிடும்.